லண்டன் மான்யுமென்ட் தூண்: 311 படி ஏறி நகரத்தைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனை உயரத்திலிருந்து பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லோரும் லண்டன் ஐ ராட்டினத்தைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யத் தயாரானவர்கள் ஷார்ட் கட்டடத்துக்குப் போவார்கள். லண்டன் பாலத்தின் வடக்கு முனைக்குப் பக்கத்தில், ஒரு சரிவான தெருவுக்குள் 1677-லிருந்து நிற்கும் கல் தூணில் ஏறிப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் குறைவு. அதன் பெயர் மான்யுமென்ட். பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். ஆனாலும் அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் அலுவலகத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், லண்டனின் பழைய நகரப் பகுதியைப் புரிந்துகொள்ள இதைவிடச் சரியான உயரம் வேறு கிடையாது. மேல்மாடம் தரையிலிருந்து சுமார் 160 அடியில் இருக்கிறது. ஷார்ட்டின் பார்வைத் தளம் கிட்டத்தட்ட இதைப்போல் ஐந்து மடங்கு உயரம். அவ்வளவு மேலே போய்விட்டால் ஊர் வெறும் வரைபடமாகிவிடும். இங்கே தேவாலயக் கோபுரங்கள் கண்ணுக்கு நேராக நிற்கும். எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேர்கிறது, படகு எந்தப் பக்கம் திரும்புகிறது எல்லாம் தெரியும்.

ஆனால் ஒன்று: தரையிலேயே கொஞ்சம் பார்த்துத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். ஒன்றும் தெரியாமல் ஏறினால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சில கட்டடங்கள் தெரியும், அவ்வளவுதான். அதனால் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். வரிசையாகச் செய்தால் எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும்.

எதற்காக இந்தத் தூண்

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் புட்டிங் லேன் என்ற குறுகிய தெருவில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக்கடையில் தீப்பிடித்தது. அந்தக் கோடையில் மழை இல்லை. வீடுகள் மரத்தால் ஆனவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றவை. கிழக்கிலிருந்து பலமான காற்று வேறு. நான்கு நாள் எரிந்து தீ அடங்கியபோது 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் பழைய செயின்ட் பால் பேராலயமும் போயிருந்தன. மொத்தம் 436 ஏக்கர் சாம்பல்.

அடுத்த ஆண்டே நகரத்தைத் திரும்பக் கட்டுவதற்கு ஒரு சட்டம் வந்தது. தெருக்களின் அகலம், வீட்டுச் சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளோடு, தீ தொடங்கிய இடத்துக்கு அருகே ஒரு நினைவுத் தூண் எழுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. வடிவமைத்தவர்கள் இரண்டு பேர்: கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், அவருடைய நண்பரும் விஞ்ஞானியுமான ராபர்ட் ஹூக். 1671-ல் தொடங்கிய வேலை 1677-ல் முடிந்தது. போர்ட்லாண்ட் கல்லில் கட்டிய இந்தத் தூணின் உயரம் 202 அடி. ரொட்டிக்கடை இருந்த இடம் இங்கிருந்து கிழக்கே 202 அடி தூரம். தூணை அப்படியே கிழக்குப் பக்கம் சாய்த்தால் அதன் உச்சி தீ தொடங்கிய இடத்தைத் தொடும் என்பது கணக்கு.

இவ்வளவு பெரிய தூண் ஏன் இப்படிச் சந்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று முதல்முறை வருகிறவர்களுக்குத் தோன்றும். தூண் நகரவில்லை, பாலம்தான் நகர்ந்தது. 1209-லிருந்து இருந்த பழைய லண்டன் பாலம் இந்தத் தெருவுக்கு நேராகத்தான் வந்து சேர்ந்தது. தெற்கேயிருந்து வண்டியில் வந்தாலும் நடந்து வந்தாலும் தூணின் காலடியைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். 1831-ல் கொஞ்சம் மேற்கே தள்ளிப் புதுப் பாலம் திறந்ததும் பழையதை இடித்துவிட்டார்கள். போக்குவரத்து பாலத்தோடு போய்விட்டது. ஃபிஷ் ஸ்ட்ரீட் ஹில் என்ற அந்த முக்கியச் சாலை பக்கத்துத் தெருவாகிவிட்டது.

கிளம்புவதற்கு முன்

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடலாம். 311 படிகள், லிஃப்ட் கிடையாது. ஏறவும் இறங்கவும் ஒரே சுழல் படிக்கட்டு. திருச்சி மலைக்கோட்டை ஏறிப் பழகியவர்களுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே நடுநடுவே மண்டபம் வரும், உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. முழங்கால் வலி, இதய நோய், தலைசுற்றல், மூடிய இடத்தில் பயம் இதில் ஏதாவது இருந்தால் வீம்புக்கு ஏற வேண்டாம். பாதியில் திரும்புவதும் சுலபமில்லை, பின்னால் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருப்பார்கள். வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள், பக்கத்திலேயே 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டனுக்கு அவர்களை அழைத்துப் போகலாம். லிஃப்ட் உண்டு, அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

மான்யுமென்ட் லண்டன் நகரக் கார்ப்பரேஷனுக்குச் சொந்தமானது. டிக்கெட் விலையும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் நாளன்று காலையில் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மதியம் இடைவேளைக்கு மூடியிருக்கிறார்களா, கடைசி அனுமதி எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் குறிப்பாகக் கவனியுங்கள். ஷார்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டணம் மிகக் குறைவு. மோசமான வானிலையில் மூடிவிடவும் வாய்ப்புண்டு.

நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். பெரிய பையோடும் சூட்கேஸோடும் வராதீர்கள், அந்தப் படிக்கட்டில் அவற்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வருபவருக்கு வழிவிட முடியாது. மேலே காற்று பலமாக அடிக்கும். தரையில் வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட் வைத்துக்கொள்வது நல்லது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் வரும் வழியிலேயே, லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் முடித்துவிடுங்கள்.

எந்த நேரம் போகலாம்

இது நீங்கள் எதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டவர் பிரிட்ஜ் இங்கிருந்து கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் அதன் பின்னால் நிற்பதால் பாலம் கறுப்பு நிழலாகத்தான் விழும். பிற்பகலில் மேற்கு வெயில் நேராகப் பாலத்தின் மேல் படும், கல்லும் நீல வண்ண இரும்பும் பளிச்சென்று தெரியும். செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் மேற்கே இருப்பதால் அதற்குக் காலைதான் நல்லது. ஒரே ஒருமுறைதான் வர முடியும் என்றால் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள், ஆறு இருக்கும் பக்கம்தான் காட்சி செழிப்பு. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இது அலுவலகப் பகுதி. வார நாள் மதியம் சாப்பாட்டு வேளையில் தெருவெல்லாம் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் அமைதியாக இருக்கும், ஆனால் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும்.

தெற்கேயிருந்து நடந்து வாருங்கள்

டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் லைன் ரயில்களில் வந்தால் மான்யுமென்ட் நிலையத்திலேயே இறங்கலாம். சென்ட்ரல், நார்தர்ன் லைன்களில் வருகிறவர்கள் பேங்க் நிலையத்தில் இறங்கி, பூமிக்கடியிலேயே நடந்து மான்யுமென்ட் வாசலுக்கு வரலாம், இரண்டும் இணைந்தவை. நடை கொஞ்சம் நீளம்.

நேரம் இருந்தால் இந்த இரண்டும் வேண்டாம் என்பேன். ஆற்றின் தெற்குக் கரையிலுள்ள லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி, பாலத்தின் வலது பக்க நடைபாதையில் வடக்கே நடங்கள். பத்து நிமிடம் போதும். எதிரே கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தங்க நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். அதுதான் தூணின் உச்சியிலுள்ள தீக்கலசம், செம்பில் செய்து தங்கமுலாம் பூசியது. உச்சியில் என்ன வைப்பது என்பதற்கே அன்று பெரிய யோசனை நடந்தது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையை வைக்கலாம் என்ற எண்ணம் ரென்னுக்கு இருந்தது. விரித்த இறக்கை காற்றை வாங்கும், அவ்வளவு உயரத்தில் என்ன பறவை என்று கீழே நிற்பவருக்குப் புரியாது, செலவும் அதிகம் என்று அவரே அதைக் கைவிட்டார்.

முதல் நிறுத்தம்: செயின்ட் மேக்னஸ் தேவாலயம்

பாலம் முடிந்ததும் நேராகத் தூணுக்குப் போய்விடாமல், ஆற்றோரம் லோயர் தேம்ஸ் ஸ்ட்ரீட்டிலுள்ள செயின்ட் மேக்னஸ் தேவாலயத்துக்கு இறங்குங்கள். பெருந்தீயில் முதலில் எரிந்த தேவாலயங்களில் ஒன்று இது. இப்போது நிற்பது ரென் திரும்பக் கட்டியது. அதன் கோபுரத்துக்கு அடியில் ஒரு வளைவு வழி இருக்கிறது. 1760-களிலிருந்து பழைய பாலத்துக்குப் போகும் நடைபாதை இந்த வளைவுக்குள்தான் சென்றது. இன்று அந்த வளைவைத் தாண்டினால் பாலம் இல்லை, சிறிய முற்றம்தான். பழைய பாலத்தின் கற்கள் சில அங்கே கிடக்கின்றன. உள்ளே, கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் பழைய பாலத்தின் நீளமான மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு வந்தால் அதைவிட்டு நகர்த்துவது கஷ்டம்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே ஏறியபின் இந்தக் கோபுரத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஆற்றின் குறுக்கே மனதில் ஒரு கோடு இழுத்தால் பழைய லண்டன் பாலம் எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது நிறுத்தம்: புட்டிங் லேன்

தேவாலயத்திலிருந்து சாலையைக் கடந்து மேடேறினால் தூண் வந்துவிடும். அங்கிருந்து மான்யுமென்ட் ஸ்ட்ரீட் வழியாகக் கிழக்கே சுமார் எண்பது எட்டு வையுங்கள். தூணின் உயரத்தைத் தரையில் நடந்து அளந்துவிட்டீர்கள். அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள், 202 அடி என்றால் என்ன என்று அப்போதுதான் உறைக்கும்.

புட்டிங் லேனில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அலுவலகச் சுவர்கள். ரொட்டி சுடுவோர் சங்கம் 1986-ல் வைத்த ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. தெரு எவ்வளவு சரிவாக ஆற்றை நோக்கி இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சரிவின் அடியில் ஆற்றங்கரைக் கிடங்குகள் இருந்தன. எண்ணெய், தார், கொழுப்பு என எளிதில் பற்றிக்கொள்ளும் சரக்குகள் அங்கே குவிந்துகிடந்தன. ஒரு கடையில் தொடங்கிய தீ ஊரை விழுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது நிறுத்தம்: அடிபீடம்

இங்கே அவசரப்படாதீர்கள். முக்கால்வாசிப் பேர் டிக்கெட் வரிசைக்குப் போகிற வேகத்தில் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. செதுக்கியவர் கையஸ் கேப்ரியல் சிபர். இந்த வேலை நடந்தபோது அவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார், பகலில் வெளியே வந்து செதுக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். இடது ஓரத்தில் இடிபாடுகளின் மேல் தலைவிரிகோலமாகச் சாய்ந்திருக்கும் பெண்தான் லண்டன் நகரம். அவள் பின்னால் இறக்கையோடு நிற்கும் கிழவர் காலம், அவளை மெல்லத் தூக்கிவிடுகிறார். அவள் காலடியில் ஒரு தேன்கூடு, உழைப்புக்கு அடையாளம். பின்னணியில் வீடுகள் எரிகின்றன. வலது பக்கம் இரண்டாம் சார்லஸ் மன்னர் ரோமானிய உடையில் நின்று உதவிக்கு ஆணையிடுகிறார். அவருக்குப் பின்னால் சாரம் கட்டி ஆட்கள் வேலை செய்கிறார்கள். இனி மன்னரின் காலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஒரு பொந்துக்குள்ளிருந்து பொறாமை எட்டிப் பார்த்து ஓர் இதயத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பீடத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள டிராகன்கள் எட்வர்ட் பியர்ஸ் செய்தவை.

மற்ற மூன்று பக்கங்களிலும் லத்தீனில் கல்வெட்டு. வடக்குப் பக்கம் தீ எப்படிப் பரவியது என்பது, தெற்கில் மன்னர் செய்த ஏற்பாடுகள், கிழக்கில் தூண் கட்டிய காலத்து மேயர்களின் பெயர்கள். இணையத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும், போனில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

வடக்குக் கல்வெட்டின் கடைசிப் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். 1681-ல் அங்கே ஒரு வரியைச் சேர்த்தார்கள்: இந்தக் கொடுமையைச் செய்தது கத்தோலிக்க வெறி என்ற பொருளில். கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் 1685-ல் பட்டத்துக்கு வந்ததும் அது அழிக்கப்பட்டது. அவர் ஆட்சி போனதும் 1689-ல் மறுபடி வெட்டினார்கள். 1830-ல்தான் அது ஒரேயடியாக நீக்கப்பட்டது. ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் தொடங்கிய விபத்துக்கு இந்தக் கல் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சமயத்தாரைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு நின்றது. ராபர்ட் ஹியூபர்ட் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளியைத் தீ வைத்தவர் என்று 1666 அக்டோபரிலேயே தூக்கில் போட்டுவிட்டார்கள். தீ பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் அவர் லண்டனுக்கே வந்தார் என்பது பிறகு தெரியவந்தது. மேலே போய் அழகான காட்சியைப் பார்ப்பதற்கு முன் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏறும் முறை

உள்ளே நுழைந்ததும் படியில் கால் வைக்காமல், நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். படிக்கட்டு சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி மேலே போக, நடுவில் வெற்றிடம் குழாய் மாதிரி உச்சிவரை போகும். அழகுக்காக விட்ட இடமல்ல அது. ஹூக் இந்தத் தூண் முழுவதையும் ஒரு தொலைநோக்கியாகப் பயன்படுத்த நினைத்தார். தரைக்கு அடியில் ஆய்வு அறை, உச்சிக் கலசத்தில் திறக்கும் மூடி. அடியில் படுத்துக்கொண்டு, தலைக்கு நேர் மேலே கடக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பல மாதம் கவனித்து, பூமி சூரியனைச் சுற்றுவதால் அது இம்மியளவு இடம் மாறுகிறதா என்று பார்ப்பது திட்டம். வெளியே தெருவில் ஓயாமல் ஓடிய வண்டிகளின் அதிர்வில் அளவுகள் கெட்டுப்போய், அந்த முயற்சி கைகூடவில்லை. ஆனால் படிகள் இன்னொரு சோதனைக்கு உதவின. ஒவ்வொரு படியும் சரியாக 6 அங்குல உயரம் என்பதால், மேலே போகப் போகக் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதை ஹூக் இங்கே அளந்தார். நீங்கள் ஏறப்போவது ஓர் அறிவியல் கருவிக்குள்.

6 அங்குலம் என்பது நமக்கும் நல்லதுதான், படி உயரமில்லை, கால் சீக்கிரம் சலிக்காது. தப்பு எங்கே நடக்கிறது என்றால், படி சின்னதாக இருக்கிறதே என்று முதல் நூறு படியை ஓடிவிடுவதில். பேசாமல், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரே சீரான வேகத்தில் ஏறுங்கள். சுவர்ப் பக்கம் படி அகலமாகவும், உட்பக்கம் கைப்பிடி அருகே குறுகலாகவும் இருக்கும். எதிரே ஆள் வந்தால், யாருக்குக் கால் தடுமாறும் போலிருக்கிறதோ அவருக்குச் சுவர்ப் பக்கத்தை விட்டுக்கொடுங்கள். குழந்தையை எப்போதும் சுவர்ப் பக்கம் வையுங்கள். மூச்சு வாங்கினால் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு பேரை முன்னே போக விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உயரம் பயம் என்றால் நடுவிலுள்ள வெற்றிடத்தைப் பார்க்காமல், கண்ணுக்கு முன்னால் மூன்று படியை மட்டும் பார்த்து ஏறுங்கள். 1763-ல் இங்கே ஏறிய எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்குப் பாதி வழியிலேயே நடுக்கம் வந்துவிட்டது. திரும்பிப் போனால் தன்மேல் தனக்கே வெறுப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவரை போனார். அவர் காலத்தில் மேலே வலை கிடையாது. இப்போது மாடத்தைச் சுற்றிலும் தலைக்கு மேலும் கம்பிக்கூண்டு இருக்கிறது. பலர் இங்கிருந்து குதித்து உயிரை விட்டதால் 1842-ல் முதல் கூண்டு வைத்தார்கள். 2007 முதல் 2009 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பின்போது அதை மாற்றிப் புது வலை போட்டார்கள்.

மேலே எதை எந்த வரிசையில் பார்ப்பது

வெளியே கால் வைத்ததும் முதலில் காற்று, அப்புறம் சத்தம். பேருந்து, ரயில், ஏதோ ஒரு கட்டுமான வேலை எல்லாம் கலந்து கீழேயிருந்து வரும். மாடம் குறுகியது, ஒரே திசையில் நகர்ந்தால் எல்லோருக்கும் வசதி. முதலில் ஆற்றைத் தேடுங்கள், அதுதான் தெற்கு.

தெற்கே அக்கரையில் கண்ணாடிக் கூம்பாக நிற்பது ஷார்ட், 310 மீட்டர். உங்களுக்குக் கீழே, இக்கரையில், சற்று முன் பார்த்த செயின்ட் மேக்னஸ் கோபுரம். அதிலிருந்து ஆற்றின் குறுக்கே அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். இப்போதைய லண்டன் பாலம், 1973-ல் திறந்தது, அந்தக் கோட்டுக்கு வலது புறம் இருக்கும்.

இடது பக்கமாக நகருங்கள். கிழக்குதான் இங்கே உயிர். உடனே டவர் பிரிட்ஜைப் பார்க்காமல் முதலில் நேர் கீழே பாருங்கள்: புட்டிங் லேன். பிறகு மெல்லக் கண்ணை ஆற்றோரமாக நகர்த்துங்கள். கூரையில் மீன் வடிவக் காற்றுக்காட்டியோடு இருப்பது பழைய பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை, 1982-ல் சந்தை இடம் மாறியது. அதற்கு அப்பால் சுங்கக் கட்டடம். மெல்லிய வளைவுகளின் மேல் ஊசியாக நிற்பது செயின்ட் டன்ஸ்டன் கோபுரம். அதற்கும் அப்பால் லண்டன் டவர் கோட்டை, 1894-ல் திறந்த டவர் பிரிட்ஜ், ஆற்றில் நிற்கும் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கேனரி வார்ஃப் கோபுரங்கள்.

கோட்டைக்கு அருகே ஆல் ஹாலோஸ் தேவாலயக் கோபுரத்தையும் தேடிப் பாருங்கள். தீ எரிந்துகொண்டிருந்த செப்டம்பர் 5 அன்று கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அதில் ஏறி ஊர் எரிவதைப் பார்த்தார். அங்கே நிற்கப் பயந்து உடனே இறங்கிவிட்டார். காற்று கிழக்கிலிருந்து அடித்ததால்தான் அந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. தீயின் வழியில் இருந்த வீடுகளை வெடிமருந்து வைத்துத் தகர்த்ததும் உதவியது.

வடக்கே உயரமான கண்ணாடிக் கட்டடங்கள் காட்சியை அடைத்துவிடும். வடகிழக்கில் மேலே போகப் போக அகன்று நிற்பது 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட். அதற்கு அப்பால் இந்தப் பகுதியின் மிக உயரமான கட்டடம், 22 பிஷப்ஸ்கேட், 278 மீட்டர். இங்கே கட்டடங்களைவிடத் தெருவைப் பாருங்கள். காலடியிலிருந்து வடக்கே மேடேறும் கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில்தான் ரோமானிய லண்டனின் பொதுமன்றம் இருந்தது. ஆற்றுப் பாலத்திலிருந்து நேராக அங்கே ஏறிப் போனது ரோமானியச் சாலை.

கடைசியாக மேற்கு. சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் செயின்ட் பால் குவிமாடம். உங்களுக்கும் அந்தக் குவிமாடத்துக்கும் நடுவே தெரிகிற அத்தனையும், குவிமாடத்தைத் தாண்டியும், நான்கு நாளில் எரிந்துபோன நிலம். அதில் அங்கங்கே முளைத்து நிற்கும் வெண்கல் தேவாலயக் கோபுரங்களில் பல ரென்னும் அவருடைய ஆட்களும் திரும்பக் கட்டியவை. எத்தனை கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு பார்வைக்காகத்தான் கீழே அவ்வளவு நேரம் செலவழிக்கச் சொன்னேன்.

ஆற்றுப் பக்கக் காட்சி இன்னும் திறந்திருப்பது தற்செயல் அல்ல. மான்யுமென்ட் மாடத்திலிருந்து தெரியும் குறிப்பிட்ட பார்வைக் கோடுகளை நகரக் கார்ப்பரேஷன் திட்ட விதிகளில் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றை மறைக்கும் உயரத்தில் கட்டடம் எழுப்ப எளிதில் அனுமதி கிடைக்காது.

படம் எடுக்க

கம்பி வலைதான் எல்லோருக்கும் தொல்லை. லென்ஸை வலைக்கு மிக நெருக்கமாக, கம்பிகளுக்கு நடுவிலுள்ள கண்ணில் வையுங்கள். கம்பி மங்கிக் கலைந்துபோய் படத்தில் தெரியாது. ஓரடி தள்ளி நின்றால் கேமரா கம்பியை ஃபோகஸ் செய்துவிடும், அப்போது திரையில் தூரத்துக் கட்டடத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். போனுக்குக் கைவார் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், காற்றில் விரல் மரத்துப்போகும். ஸ்டாண்ட் வைக்கிற அகலம் இங்கே இல்லை.

இறங்கியபின்

இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். சுவரில் ஒரு கை வைத்து, முழுப் பாதமும் படியில் படும்படி மெதுவாக இறங்குங்கள். இறங்கினால் சான்றிதழ் உண்டு, ஏறியவர் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். குழந்தைகள் இருந்தால் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் மேலேயிருந்து பார்த்த ஏதாவது ஒன்றையாவது நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். என் தேர்வு செயின்ட் டன்ஸ்டன். கிழக்கே ஐந்து நிமிட நடை. 1941-ல் குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்தது, ரென் கட்டிய கோபுரம் நின்றது, சுவர்களும் தப்பின. கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் இப்போது பொதுப் பூங்கா, சன்னல் வளைவுகளில் கொடி ஏறியிருக்கிறது. நுழைய டிக்கெட் தேவையில்லை, உட்கார பெஞ்சுகள் உண்டு, 311 படி ஏறி இறங்கிய காலுக்கு அது போதும். அங்கிருந்து இன்னும் கிழக்கே நடந்தால் பீப்ஸ் ஏறிய ஆல் ஹாலோஸ். அதைப் பார்த்துவிட்டுச் சில நிமிடம் நடந்தால் டவர் ஹில் ரயில் நிலையம், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் லைன் இரண்டும் அங்கே கிடைக்கும்.